ஈரம் காக்கும் காயக் கட்டு

திடலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: “கட்டுப் போடாதே, காற்றுப் படட்டும். காய்ந்தால்தான் ஆறும்.” புண் ஆறியது என்றும் சொல்வார்கள், புண் காய்ந்தது என்றும் சொல்வார்கள். இரண்டு சொற்களும் ஒரே பொருளில் வழங்குவதால், காய்வதும் ஆறுவதும் ஒரே செயல்தான் என்ற எண்ணம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். காயத்தை உலர வைப்பதற்கே பஞ்சையும் துணியையும் பயன்படுத்தினர்.

இன்றைய மருத்துவம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. அளவான ஈரத்தில் இருக்கும் காயம், காய்ந்துபோன காயத்தைவிட விரைவாக ஆறும் என்பது ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அந்த ஈரத்தைக் காப்பதற்காக உருவாக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றுதான் ஹைட்ரோஜெல் எனப்படும் நீர்க்கூழ்மம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள அறிவியலாளர்களும் இத்துறையில் பங்காற்றி வருகின்றனர்.

தோல் தன்னைச் சீர்படுத்தும் முறை

தோல் மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு. வெளியிலிருந்து கிருமிகள் உள்ளே நுழையாமலும், உள்ளேயுள்ள நீர் வெளியேறாமலும் அது காக்கிறது. தோலில் ஒரு பிளவு ஏற்பட்ட உடனே, அதை அடைக்கும் வேலையை உடல் தொடங்கிவிடுகிறது. அந்த வேலை நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது.

முதலாவது, இரத்தம் உறைதல். அறுபட்ட இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னி அந்த அடைப்பை உறுதிப்படுத்துகின்றன.

இரண்டாவது, அழற்சி. வெள்ளணுக்கள் காயத்திற்கு விரைந்து வந்து கிருமிகளை அழிக்கின்றன. இறந்த திசுக்களை அகற்றுகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதற்கு இதுவே காரணம். இந்த அறிகுறிகள் அளவோடு இருந்து சில நாள்களில் தணிந்தால் கவலை வேண்டியதில்லை.

மூன்றாவது, வளர்ச்சி. கொலாஜன் என்னும் புரதத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் பள்ளத்தை நிரப்பத் தொடங்குகின்றன. புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. காயத்தின் விளிம்பிலுள்ள மேல்தோல் உயிரணுக்கள் மெல்ல நகர்ந்து, நடுவே வந்து சேர்ந்து, காயத்தை மூடுகின்றன.

நான்காவது, சீரமைப்பு. புதிய திசு மெல்ல மெல்ல வலுவடைகிறது. இது மாதக் கணக்கிலும், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். அவ்வாறு வலுவடைந்தாலும், தழும்பு விழுந்த தோல் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத்தான் எட்டும்.

மூன்றாம் கட்டத்தில் வரும் ‘நகர்ந்து’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மேல்தோல் உயிரணுக்கள் நகர்வதற்கு ஈரமான பாதை தேவை. காயத்தின் மேற்பரப்பு உலர்ந்து பொருக்குத் தட்டிவிட்டால், அவற்றால் அந்தக் கடினமான பொருக்கின் வழியே செல்ல முடியாது. பொருக்குக்கு அடியில், ஈரம் எஞ்சியிருக்கும் ஆழத்தைத் தேடி இறங்கி, அங்கிருந்து நகர வேண்டும். பாதை நீளமாகிறது, காலமும் கூடுகிறது.

பழைய நம்பிக்கையை அசைத்த ஆய்வு

இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜார்ஜ் வின்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். அவர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத சிறு காயங்களை ஏற்படுத்தி ஆராய்ந்தார். பன்றியின் தோல் அமைப்பில் மனிதத் தோலை ஓரளவு ஒத்திருப்பதே அவர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். சில காயங்களைத் திறந்தவாறே விட்டார். அவை காற்றில் உலர்ந்து பொருக்குத் தட்டின. மற்றக் காயங்களை மெல்லிய பாலிதீன் தாளால் மூடினார். அவற்றில் ஈரம் தங்கியது; பொருக்கு உருவாகவில்லை.

சில நாள்கள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டபோது, மூடி வைத்த காயங்களில் புதிய மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது தெரியவந்தது. இந்த முடிவுகள் 1962-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்தன. அடுத்த ஆண்டே ஹின்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்களின் தோலில் இதே போன்ற சோதனையைச் செய்து, மூடிய காயம் விரைவாக ஆறுவதை உறுதிப்படுத்தினர்.

எனினும், இந்த முடிவு மருத்துவமனைகளின் வழக்கத்தை உடனே மாற்றிவிடவில்லை. ஈரம் இருந்தால் கிருமி பெருகும், புண் அழுகும் என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. அந்த அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. தேங்கி நிற்கும் சீழும் அழுக்கும் காயத்திற்குக் கேடு செய்யும். ஆனால் ஈரம் வேறு, அழுக்கு வேறு. காயத்தைத் தூய்மைப்படுத்தி, வெளிக்கிருமிகள் புகாதவாறு மூடி, உள்ளே அளவான ஈரத்தைப் பேணுவதே புதிய முறையின் நோக்கம். அதிகமாகச் சுரக்கும் நீரை உறிஞ்ச வேண்டும். உலர்ந்த இடத்திற்கு ஈரம் கொடுக்க வேண்டும். பிரிக்கும்போது புண்ணில் ஒட்டி வரவும் கூடாது. பாலிதீன் தாளால் இவை அனைத்தையும் செய்ய இயலாது. இவற்றைச் செய்யக்கூடிய புதிய பொருள் தேவைப்பட்டது.

நீரைப் பிடித்து வைக்கும் வலை

நீர்க்கூழ்மம் என்பது வீட்டுச் சமையலறைக்குப் புதியதன்று. பெருநாள் விருந்துகளில் பரிமாறப்படும் அகார்-அகார் ஒரு நீர்க்கூழ்மமே. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சிறிதளவு தூளை நிறைய நீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால், அந்த நீர் முழுவதும் வழியாமல் கட்டியாக நிற்கிறது. சிராப் பானத்தில் ஊறவைக்கும் செலாசே விதைகளைச் சுற்றித் தோன்றும் வழவழப்பான உறையும் அத்தகையதே.

நீர் ஏன் வழிவதில்லை? பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் நீரில் பரவியுள்ளன. அந்தச் சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று இணைந்து முப்பரிமாண வலையாக மாறுகின்றன. வலையின் கண்களுக்குள் நீர் சிக்கிக்கொள்கிறது. சங்கிலிகள் நீரை விரும்பி ஈர்க்கும் தன்மை உடையவை. ஆனால் அவை ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் நீரில் கரைந்துபோவதில்லை. இத்தகைய கூழ்மத்தின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெறும் நீராகவே இருக்கக்கூடும்.

மருத்துவத்திற்கென்றே இப்பொருளை வடிவமைத்தவர்களில் முன்னோடிகள், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும் ஆவர். நீரை உறிஞ்சும் மென்மையான பாலிமர் உடலுக்கு ஒவ்வாமை தராது என்பதை அவர்கள் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். அதைக் கொண்டு கண்ணில் அணியும் மென்மையான வில்லை செய்ய விக்டர்லே விரும்பினார். 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானப் பொம்மைத் துண்டுகள், மகனின் மிதிவண்டி டைனமோ, அழைப்பு மணியின் மின்மாற்றி ஆகியவற்றை இணைத்து வீட்டிலேயே ஒரு சிறு இயந்திரத்தை அமைத்தார். முதல் நான்கு மென்வில்லைகள் அதில்தான் உருவாயின. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அணியும் வில்லைகளுக்கு அதுவே தொடக்கம். கண்ணுக்கு ஏற்ற பொருள் காயத்திற்கும் ஏற்றதாகலாம் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது.

கூழ்மக் கட்டு செய்யும் வேலைகள்

நீர்க்கூழ்மக் கட்டு பெரும்பாலும் மெல்லிய தகடாகவோ, குழாயிலிருந்து பிதுக்கும் களிம்பாகவோ கிடைக்கிறது. உலர்ந்த காயத்தின்மீது வைத்தால் அது தன்னிடமுள்ள நீரை மெல்ல விட்டுக்கொடுக்கிறது. காய்ந்து கறுத்த இறந்த திசு மென்மையாகிறது. அதன்பின், உடலின் நொதிகளே அந்தத் திசுவைக் கரைத்து அகற்றுகின்றன. கத்தி வைத்துச் சுரண்ட வேண்டிய தேவை பல வேளைகளில் குறைகிறது.

நீர் நிறைந்திருப்பதால் கூழ்மம் காயத்தைக் குளிர்விக்கிறது. திறந்து கிடக்கும் நரம்பு நுனிகளை ஈரம் மூடிக்கொள்வதால் எரிச்சலும் வலியும் தணிகின்றன. பல கூழ்மத் தகடுகள் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால், கட்டைப் பிரிக்காமலேயே தாதியரால் காயத்தைப் பார்க்க முடிகிறது. காஸ் துணியாலான பழைய கட்டு புண்ணோடு ஒட்டிக் காய்ந்துவிடும்; அதைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து பிய்ந்துவரும். கூழ்மக் கட்டோ புண்ணில் ஒட்டாமல் நழுவி வந்துவிடுகிறது.

ஆயினும், எல்லாக் காயங்களுக்கும் இது பொருந்தாது. நீர் மிகுதியாகச் சுரக்கும் காயத்தில் கூழ்மத்தை வைத்தால், ஈரம் அளவுக்கு மீறிச் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளுத்துச் சிதையும். அத்தகைய காயத்திற்கு நீரை நன்கு உறிஞ்சும் நுரைக் கட்டோ, கடற்பாசியிலிருந்து செய்யப்படும் ஆல்ஜினேட் கட்டோ பொருத்தமானது. மேலும், நீர்க்கூழ்மம் எளிதில் கிழியக்கூடியது. பெரும்பாலும் அதன்மேல் இன்னொரு கட்டுப் போட்டே நிலைநிறுத்த வேண்டியுள்ளது. ஆகவே, காயத்தைப் பார்த்து அதற்கேற்ற கட்டைத் தேர்ந்தெடுப்பது பயிற்சி பெற்றவரின் பணியாகும்.

கதிரால் பின்னப்படும் கூழ்மம்

காயத்தில் வைக்கும் கட்டில் ஒரு கிருமிகூட இருக்கக்கூடாது. சாதாரணக் கருவிகளைக் கொதிக்கவைத்துத் தூய்மைப்படுத்தலாம். ஆனால் அதிக வெப்பம் பட்டால் கூழ்மத்தின் வடிவம் கெட்டுவிடும். போலந்து நாட்டின் வூட்ச் நகரைச் சேர்ந்த யானுஷ் ரோசியாக்கும் அவருடைய குழுவினரும் இதற்கு அழகான ஒரு தீர்வைக் கண்டனர்.

நீரில் கரையும் பாலிமரையும் சிறிதளவு அகாரையும் சூடான நீரில் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் அகார் அதற்கு வடிவம் தரும். பிறகு அதை உறையிலிட்டு மூடி, மூடிய நிலையிலேயே மின்னணுக் கற்றையைப் பாய்ச்சுவார்கள். அந்தக் கதிர், பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைத்து உறுதியான வலையாக்குகிறது. அதே நேரத்தில் உறைக்குள் இருக்கும் கிருமிகளையும் அழித்துவிடுகிறது. ஒரே செயலில் இரு பயன்கள் கிடைக்கின்றன. கதிர் பாய்ச்சப்பட்ட கட்டில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை.

இந்த முறையைப் பின்பற்றி மலேசியாவிலும் ஆய்வுகள் நடந்தன. சதுப்பு நிலங்களில் வளரும் கெலாம் மரத்தின் பூக்களிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் கெலாம் தேனைக் கூழ்மத்தில் கலந்து, மலேசிய ஆய்வாளர்கள் காயக் கட்டு செய்தனர். தேன் காயத்தை ஆற்றும் என்பது பல நாகரிகங்கள் அறிந்த பழைய செய்தி. அதிலுள்ள மிகுதியான சர்க்கரையும் அமிலத்தன்மையும் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. ஆனால் பச்சைத் தேனில் சில வகைக் கிருமிகளின் விதை போன்ற நுண்வடிவங்கள் உறங்கிக் கிடக்கலாம். காயத்தில் நேரடியாகத் தடவினால் ஆபத்து நேரலாம். கதிர் பாய்ச்சிய கூழ்மத்தில் அந்த ஆபத்து நீங்குகிறது. தேனும் வழிந்தோடாமல் ஓரிடத்தில் நிற்கிறது. தீப்புண் பட்ட எலிகளில் இந்தக் கட்டைச் சோதித்தபோது, அழற்சி குறைந்ததும் காயம் விரைவாக மூடியதும் பதிவாயின. அந்த முடிவுகள் 2012-இல் வெளியாயின.

குப்பைக்குப் போன டுரியான் தோல்

டுரியான் பருவம் வந்துவிட்டால் சாலையோரக் கடைகளின் பின்னால் முள்தோல் மலைபோல் குவிந்துவிடும். டுரியான் பழத்தின் எடையில் பாதிக்கு மேல் அதன் தோல்தான். சிங்கப்பூரில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் டுரியான்கள் உண்ணப்படுகின்றன என்பது ஒரு மதிப்பீடு. சுளையைத் தின்றபின் எஞ்சும் தோல், குப்பையாகச் சென்று எரிக்கப்படுகிறது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியல் துறைப் பேராசிரியர் வில்லியம் சென்னும் அவருடைய குழுவினரும் அந்தக் குப்பையில் ஒரு மூலப்பொருளைக் கண்டனர். எல்லாத் தாவரங்களிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் டுரியான் தோலில் நிறைய உள்ளது. தோலைத் துண்டுகளாக நறுக்கி, உறைநிலையில் உலர்த்தி, அதிலிருந்து செல்லுலோஸைத் தூளாகப் பிரித்தெடுத்தனர். அத்தூளோடு கிளிசரால் சேர்த்தபோது மென்மையான கூழ்மம் கிடைத்தது. அதனைப் பட்டைகளாக வெட்டினால் காயக் கட்டு ஆயிற்று. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டிலிருந்து பெற்ற இயற்கைப் பொருளை அதில் சேர்த்து, கிருமி எதிர்ப்பு ஆற்றலையும் ஊட்டினர். இச்செய்தி 2021-இல் வெளியானது.

கிருமியைக் கொல்லும் பல கட்டுகளில் வெள்ளி, செம்பு போன்ற உலோகங்கள் பயன்படுகின்றன. அவற்றால் விலை கூடுகிறது. எறியப்படும் தோலையும் ஈஸ்ட்டையும் கொண்டு செய்யும் கட்டின் செலவைக் குறைக்கலாம். பயன்படுத்தி எறிந்தபின் அது மண்ணில் மக்கியும் போகும். குப்பையைக் குறைப்பதும் காயத்தை ஆற்றுவதும் ஒரே முயற்சியில் கைகூடும் என்பதே இந்த ஆய்வின் சிறப்பு.

ஆறாத புண்

ஆரோக்கியமான ஒருவரின் சிராய்ப்பு சில நாள்களில் தானே ஆறிவிடும். அதற்காக இவ்வளவு ஆய்வு தேவையில்லை. இந்த ஆய்வுகளின் உண்மையான இலக்கு, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஆறாமலிருக்கும் புண்களே ஆகும். அவற்றால் மிகவும் துன்புறுவோர் நீரிழிவு நோயாளிகள்.

‘இனிப்பு நீர்’ என்று வீடுகளில் குறிப்பிடப்படும் இந்நோய் இரு நாடுகளிலும் பரவலாக உள்ளது. 2023-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் கூடியே இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. பாதத்தில் உணர்ச்சி குன்றுகிறது. காலணிக்குள் கிடக்கும் சிறு கல் உறுத்துவதோ, ஆணி குத்துவதோ தெரிவதில்லை. வலி என்பது துன்பமாகத் தோன்றினாலும் அது ஓர் எச்சரிக்கை மணி; அந்த மணி ஒலிக்காதபோது, காயம்பட்ட காலிலேயே அவர் நாள் முழுவதும் நடந்துகொண்டிருப்பார். இரத்தக் குழாய்களும் குறுகுவதால் காயத்திற்குப் போதிய உயிர்வளியும் ஊட்டமும் சென்று சேர்வதில்லை. அழற்சி தணியாமல் நீடிக்கிறது. காயம் இரண்டாம் கட்டத்திலேயே தேங்கிவிடுகிறது. கிருமித் தொற்று எலும்புவரை பரவினால், உயிரைக் காக்க விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை ஏற்படும். சிங்கப்பூரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு பேர் நீரிழிவுப் புண்ணால் காலை அல்லது காலின் ஒரு பகுதியை இழக்கின்றனர். அவர்களில் ஒவ்வொருவருக்கும் அது வேலையையும் நடமாட்டத்தையும் பிறர் துணையின்றி வாழும் உரிமையையும் பாதிக்கும் இழப்பாகும்.

உயிரணுக்களுக்கு உடற்பயிற்சி

இச்சிக்கலுக்குத் தீர்வு தேடி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைப் பேராசிரியர் ஆண்டி டே தலைமையிலான குழு புதுவகைக் கூழ்மம் ஒன்றை உருவாக்கி, அதன் முடிவுகளை 2023-இல் வெளியிட்டது. அந்தக் கூழ்மத்தில் இரண்டு வகைத் தோல் உயிரணுக்களும் நுண்ணிய காந்தத் துகள்களும் கலந்திருந்தன. கட்டுப் போட்ட காயத்திற்கு வெளியே ஒரு கருவியை வைத்து மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கினால், துகள்கள் அசைகின்றன. அவற்றோடு கூழ்மமும் மெல்ல இழுபட்டுத் தளர்கிறது. உள்ளேயுள்ள உயிரணுக்களுக்கு அது மென்மையான உடற்பயிற்சிபோல் அமைகிறது.

மனிதர் நடக்கும்போதும் கைகால்களை அசைக்கும்போதும் தோல் இழுபடுவதும் தளர்வதும் இயல்பு. அந்த அசைவு உயிரணுக்களைத் தூண்டுகிறது. ஆனால் காலில் புண் உள்ளவர் நடக்கக்கூடாது; நடந்தால் புண் பெரிதாகும். நடக்காமலேயே அந்தத் தூண்டுதலைக் கொடுப்பதே இக்கூழ்மத்தின் நோக்கம். ஒன்றிரண்டு மணி நேரம் காந்தத் தூண்டல் பெற்ற உயிரணுக்கள் வேகமாகப் பெருகின. கொலாஜனையும் இரண்டு மடங்குக்கு மேல் சுரந்தன. நீரிழிவு கொண்ட எலிகளில் சோதித்தபோது, வழக்கமான முறையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் காயம் ஆறியது.

ஆய்வகத்திலிருந்து மருந்தகத்திற்கு

எலியின் காயம் மூன்று மடங்கு வேகத்தில் ஆறியது என்றால், மனிதரின் காயமும் அவ்வாறே ஆறும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. எலியின் தோல் தளர்வானது. காயம் பட்டால் சுற்றியுள்ள தோல் சுருங்கி இழுத்துக்கொண்டே பெரும்பாலான காயத்தை மூடிவிடும். மனிதத் தோல் உடலோடு இறுகப் பொருந்தியது; அங்குப் புதுத் தோல் வளர்ந்தே காயம் மூட வேண்டும். ஆகவே, எலியில் வென்ற கட்டு மனிதரிடம் தோற்பதும் உண்டு.

இதனால் ஒவ்வொரு புதிய கட்டும் படிப்படியாகச் சோதிக்கப்படுகிறது. முதலில் ஆய்வகத் தட்டில் வளரும் உயிரணுக்களுக்கு அது நஞ்சாகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து விலங்குகளில் சோதிக்கிறார்கள். அதன்பிறகு, அரசாங்க அனுமதியோடும் நோயாளிகளின் முழுச் சம்மதத்தோடும் சிலரிடம் தொடங்கி, பின்னர் பலரிடம் சோதிக்கிறார்கள். வழக்கமான கட்டோடு ஒப்பிட்டு அது மேலானது என்று தெரிந்த பின்னரே மருந்தகத்திற்கு வருகிறது. இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். காத்திருப்போருக்கு இந்தத் தாமதம் வருத்தம் தருவது இயல்பே. எனினும், அவசரப்பட்டுச் சோதிக்காத பொருளைப் புண்ணில் வைப்பதால் நேரும் தீங்கை எண்ணிப் பார்த்தால், இந்தப் பொறுமை நோயாளியைக் காக்கவே என்பது விளங்கும்.

விலையும் ஒரு சோதனைதான். ஆறாத புண்ணுக்கு மாதக் கணக்கில் கட்டு மாற்ற வேண்டும். விலை உயர்ந்த கட்டு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அதை வாங்க இயலாதவருக்குப் பயனில்லை. டுரியான் தோலையும் உள்நாட்டுத் தேனையும் கொண்டு கட்டு செய்யும் முயற்சிகள் இந்த வகையிலும் கவனத்திற்குரியவை.

இன்றே செய்யக்கூடியவை

புதிய கட்டுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத நற்பழக்கங்களும் உள்ளன. சிறு சிராய்ப்பு ஏற்பட்டால் கையைக் கழுவிக்கொண்டு, ஓடும் நீரில் காயத்தைத் தூய்மைப்படுத்தி, தூய கட்டால் மூட வேண்டும். தீப்புண் பட்டால் 20 நிமிடம் குளிர்ந்த குழாய் நீரில் காட்ட வேண்டும். காப்பித் தூள், பற்பசை, மஞ்சள் தூள் முதலியவற்றை அதன்மேல் பூசினால் புண்ணில் அழுக்குச் சேரும். மருத்துவருக்குக் காயத்தின் ஆழமும் தெரியாமல் போகும். காயம் ஆழமாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ உடனே மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் முதியவர்களால் குனிந்து பார்க்க முடிவதில்லை. பார்வை மங்கியவர்களுக்கோ கண்ணெதிரே உள்ள சிறு கொப்புளமும் தெரிவதில்லை. இரவில் தாத்தா பாட்டியின் பாதத்தை ஒரு நிமிடம் பார்த்து, காலணியைக் கவிழ்த்துத் தட்டி வைப்பது இளையோரால் எளிதில் செய்யக்கூடிய உதவி. மருத்துவர் புண்ணை முதல் வாரத்தில் பார்ப்பதற்கும் ஆறாவது வாரத்தில் பார்ப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான், பல வேளைகளில், ஒரு கால் பிழைப்பதும் போவதும் அடங்கியுள்ளது.

சிந்தித்து விடையளிக்க

1. பொருக்குத் தட்டிய காயம் ஆறுவதற்கு ஏன் கூடுதல் காலம் ஆகிறது? மேல்தோல் உயிரணுக்களின் செயலோடு தொடர்புபடுத்தி விளக்குக.

2. ‘ஈரம் வேறு, அழுக்கு வேறு’ என்ற கூற்றைப் பனுவலின் துணையுடன் தெளிவுபடுத்துக.

3. மின்னணுக் கற்றையைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் இரண்டு பயன்களைக் குறிப்பிடுக.

4. நீர்க்கூழ்மக் கட்டு பொருந்தாத காயம் எது? அதற்குரிய காரணம் யாது?

5. எலிகளில் வெற்றி பெற்ற ஒரு கட்டினை உடனே நோயாளிகளுக்கு வழங்கலாம் என ஒருவர் வாதிடுகிறார். அக்கருத்தை ஏற்பீரா, மறுப்பீரா? இரு காரணங்களுடன் எழுதுக.

6. நீரிழிவு நோயுள்ள முதியவர் ஒருவருக்குக் குடும்பத்தினர் எவ்வகையில் உதவலாம்? குழுவில் கலந்துரையாடிக் கருத்துகளைப் பட்டியலிடுக.